டைக் துரையின் சோலை

ஒரு நாட்டின் வரலாற்றைக் கல்வெட்டும் ஏடும் கூறும். சிலபோது மரமுங் கூறும். யாழ்ப்பாண நகரிற் கண்டி வீதியை அடுத்துள்ள பழைய பூங்கா அத்தகைய சான்றாகும்.

1829 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக் கலெக்டராக வந்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்னும் ஆங்கிலேயர். 1833 இல் வட மாகாணம் அமைந்தபின் அதன் அரசாங்க அதிபராகி, 1867 இல் இறக்கும்வரை, இடையிற் சிறிது காலம் நீங்கலாக, இப்பகுதியை நிருவகித்தார். வடக்கின் ராஜா என வழங்கும் அளவுக்கு அவர் அதிகாரம் மிக்கிருந்தது. தமது வாசத்தலத்தைச் சூழப் பலவகை மரங்களை அவர் நட்டு வளர்த்தார்.

1821 இல் தோன்றிய பேராதனைத் தோட்டத்துக்கு மகாவலி உண்டு. மலைநாட்டு மழையும் உண்டு. குடாநாட்டிலோ வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல் நிலம், மாரி சில மாதங்களே பெய்யும். இங்கே ஒரு கன்று மரமாவதற்குக் கிணற்று நீரும் பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும்.

பிற்காலப் போரில் அங்கிருந்த பழைய கச்சேரிக் கட்டடம் சிதைந்தது. முதிர்ந்த மரங்கள் இன்றும் நிழல் தருகின்றன.

எனினும் நிழல் மட்டும் போதாது. மரத்தின் பெயர், தாயகம், நட்ட காலம் ஆகியவை அறியப்பட்டாலன்றிச் சோலை கல்விக்குரிய இடமாகாது. 1921 இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில், 1974 இற் பல்கலைக்கழக வளாகம் உருவாயிற்று. அங்குத் தாவரவியல் பயிலும் மாணவர் இம்மரங்களை ஒவ்வொன்றாய்ப் பதிவுசெய்து, தம் வளாகத்திலும் அவற்றின் வழித்தோன்றல்களை வளர்ப்பாராயின், மரம் வீழ்ந்தாலும் அதன் வரலாறு வீழாது.