ஏட்டில் எழுதாத பாட்டு

ரயில்வேயில் இருந்தபோது நான்கு வருஷம் மகாராஷ்டிரத்தில் புசாவல் ஜங்ஷனில் வேலை பார்த்தேன். சுற்றிலும் கரிசல் மண்ணும் பருத்தியும். வாழையை மட்டும் கழித்துவிட்டால் எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மாதிரியே இருக்கும்.

கூட வேலை பார்த்த மராட்டி நண்பர் ஒருவர் எப்போதும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். யார் பாட்டு என்று கேட்டால் பஹிணாபாய் என்பார். நானும் துக்காராம் சுவாமிகளின் சிஷ்யை பஹிணாபாய்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "அந்த அம்மா முந்நூறு வருஷத்துக்கு முந்தி. இது எங்க ஊர்க்காரம்மா" என்று சிரித்தார்.

அவர் சொன்னது பஹிணாபாய் சௌத்ரியைப் பற்றி. ஜல்காவ் பக்கத்தில் அசோதே என்ற கிராமத்தில் 1880 ஆகஸ்ட் 24-இல் பிறந்தவர். பிறந்த வீடு மகாஜன் குடும்பம், விவசாயம்தான் தொழில். மூன்று அண்ணன் தம்பிகள், மூன்று அக்கா தங்கைகள். பள்ளிக்கூடம் போனதில்லை. பதின்மூன்று வயதில் ஜல்காவில் நாதுஜி சௌத்ரிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். முப்பது வயதில் கணவர் போய்விட்டார். கையில் மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஓங்காருக்குப் பிளேக் வந்து ஊனம் வேறு. அந்தக் காலத்தில் விதவைக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அம்மா திருகையில் மாவு அரைக்கும்போதும் வயலில் வேலை செய்யும்போதும் பாடினார். கான்தேசத்துப் பேச்சு மொழியில், அப்போதைக்கப்போது மனதில் வந்த பாட்டு. திருகைப் பாட்டுக்கு மராட்டியில் 'ஓவி' என்று பழைய மெட்டு ஒன்று உண்டு. அதைத் தாய் மடியிலேயே கற்றிருப்பார். விதைப்பு, கதிரடிப்பு, மாமியார் வீடு, பிறந்த வீடு எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. எழுதி வைக்க மட்டும் அவருக்குத் தெரியாது.

நல்லவேளை, இளைய மகன் சோபான்தேவ் படித்தவர், அவரே கவிஞர். அவரும் உறவுக்காரப் பையன் ஒருவரும் காதில் விழுந்ததைக் குறித்து வைத்தார்கள். விழாதது எவ்வளவோ! எங்கள் ஆச்சியும் களையெடுக்கும்போது சொந்தமாகக் கட்டிப் பாடுவாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் பக்கத்திலேயே இருந்தும் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. இப்போது அக்காவுக்கு மட்டும் இரண்டு அடி ஞாபகம் இருக்கிறது, அதுவும் அரைகுறை.

பஹிணாபாய் 1951 டிசம்பர் 3-இல் காலமானார். பிறகுதான் சோபான்தேவ் அந்தப் பாட்டுகளை எழுத்தாளர் ஆச்சார்ய ஆத்ரேயிடம் தயங்கித் தயங்கிக் காட்டியிருக்கிறார். ஆத்ரே அசந்துபோய், இதை அச்சில் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று நின்றார். முன்னுரையும் அவரே எழுத, 1952-இல் புத்தகம் வெளிவந்தது.

ஜல்காவ் பல்கலைக்கழகத்துக்கு 2018-இல் அந்த அம்மா பெயரை வைத்தார்கள். பேப்பரில் பார்த்ததும் நண்பருக்கு போன் போட்டேன். ஹலோ கூடச் சொல்லவில்லை, எடுத்தவுடன் பாட ஆரம்பித்துவிட்டார்.