ஒரு கதை, ஆறு மொழி: புலியகுளத்து டைரக்டர்

பெரியநாயக்கன்பாளையத்துல இருந்து பேசறேன். 'பான்-இந்தியா' படம்னு இப்போ எல்லாரும் பேசறோம்ல? அதை 1950கள்லயே கோயம்புத்தூர்ல உக்காந்து செஞ்சு காட்டின எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுதான் இன்னிக்கு நம்ம ஆளு.

1943ல 'சிவகவி' படத்தை ராஜா சாண்டோ பாதியில விட்டுட்டுப் போக, அதை எடுத்து முடிச்சவர் நாயுடு. பாகவதர் படம், பெரிய ஹிட். அடுத்த வருஷமே லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாகவதர், என்.எஸ்.கே.யோட நாயுடுவும் கைதானார். நாயுடு விடுதலையானார். மத்த ரெண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை. 1947லதான் வெளியே வந்தாங்க. பாகவதரோட மார்க்கெட் அதுக்கப்புறம் எழவே இல்லை.

நாயுடு என்ன பண்ணினார்? புலியகுளத்துல பட்சிராஜா ஸ்டுடியோவை நடத்த ஆரம்பிச்சார். ஒரு டைரக்டருக்கு சொந்தமா ஸ்டுடியோ இருந்தா என்ன ஆகும்னு 1954ல தெரிஞ்சுது.

அந்த வருஷம் வந்த படம் 'மலைக்கள்ளன்'. நாமக்கல் கவிஞர் எழுதின நாவல், கலைஞரோட வசனம், எம்.ஜி.ஆர்–பானுமதி ஜோடி. தமிழ்ல சிறந்த படம்னு ஜனாதிபதியோட வெள்ளிப் பதக்கமும் கிடைச்சுது.

நாயுடு அதோட நிக்கல. அதே கதையை தெலுங்குல என்.டி.ஆரை வெச்சு 'அக்கி ராமுடு', இந்தியில திலீப் குமார்–மீனா குமாரியை வெச்சு 'ஆசாத்', மலையாளத்துல சத்யனை வெச்சு 'தஸ்கரவீரன்', கன்னடத்துல கல்யாண் குமாரை வெச்சு 'பெட்டத கள்ள'ன்னு எடுத்தார். சிங்களத்துலயும் அந்தக் கதை போச்சு.

கவனிங்க, இது டப்பிங் இல்லை. ஒவ்வொரு ஊர் ரசிகனுக்கும் அவனோட ஹீரோ, அவனோட மொழி. கதையோட எலும்புக்கூடு மட்டும் ஒண்ணு. நம்ம ஊர் பம்ப்செட் பட்டறைக்காரங்க யோசனை மாதிரியே இல்லை? டிசைன் ஒண்ணு, அதை எந்தக் கிணத்துக்கும் பொருத்தலாம்.

சோக நாயகன்னு பேர் வாங்கின திலீப் குமார், 'ஆசாத்'ல ஜாலியான வேஷத்துல வந்தார். அதுக்கு ஃபிலிம்ஃபேர் விருதும் வாங்கினார்.

கடைசியில நாயுடுவும் பெங்களூருக்குப் போய் அங்கே ஒரு ஸ்டுடியோ கட்டினார். சினிமாவும் சென்னையிலயே நிலைச்சிருச்சு. கோயம்புத்தூர்னா மில்லு, மோட்டார்னு மட்டும் சொல்ற பழக்கம் நமக்கு வந்துருச்சு. அடுத்த தடவை புலியகுளம் சிக்னல்ல வண்டி நின்னா ஒரு நிமிஷம் யோசிங்க: ஒரு காலத்துல இந்தியாவோட பெரிய ஸ்டார்களை இந்த ஊருக்கு வரவெச்சது இங்கே இருந்த ஒரு ஸ்டுடியோ.