மின்சாரத் துளைக்கருவியின் பூர்வ சரித்திரம்

1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் ஃபைன் தொழிற்சாலையார் மின்சார மோட்டாரைக் கைத்துளைக் கருவியோடு இணைத்த காலத்தில், எவருடைய கருவியை வாங்குவது என்னும் பிரச்சினை தொழிலாளிக்கு உதயமாகவில்லை.

பால்டிமோர் நகரத்துப் பிளாக் அண்ட் டெக்கர் ஸ்தாபனத்தார், கைத்துப்பாக்கியை ஒத்த பிடியும் விரலால் அழுத்தும் விசையும் அமைந்த துளைக்கருவிக்கு 1917-இல் காப்புரிமை பெற்றதே இச்சரித்திரத்தின் மகத்தான திருப்பம் என்பது என் திடமான அபிப்பிராயம்; இன்று எந்தத் தேசத்துக் கருவியைக் கையில் எடுத்தாலும் அவ்வடிவத்தின் சாயலையே காண்கிறோம். பின்னர் 1932-இல் போஷ் கம்பெனியார் கான்கிரீட்டைத் துளைக்கும் சுத்தியல் துளைக்கருவியையும், 1915-இல் நகோயாவில் மோட்டார் விற்பனையும் பழுதுபார்ப்புமாகத் தொடங்கிய மகிட்டா 1958-இல் மின்சார இழைப்புளியையும் அளித்தனர். தேர்வு என்னும் சிரமமும் உடன் பிறந்தது.

1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் கம்பியில்லாத் துளைக்கருவியை வெளியிட்டபின் அச்சிரமம் வேறு ரூபம் எடுத்தது. ஒருவர் செய்த பாட்டரி மற்றவர் கருவியில் பொருந்தாமையால், முதற்கருவியை வாங்கும் கணத்திலேயே தொழிலாளி தன் பிற்காலக் கருவிகள் அனைத்தையும் பெரும்பாலும் நிச்சயித்துவிடுகிறான். ஆதலால், தொழில் செய்வோரே, கம்பெனியின் கீர்த்தியைக் கேட்குமுன் அதன் பாட்டரி எத்தனை கருவிகளுக்குப் பொருந்தும், உங்கள் ஊரில் அதைப் பழுதுபார்ப்பவர் உண்டா என்பவற்றை விசாரியுங்கள்.