அட்வான்ஸ் என்னும் விலங்கு

1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், தம் ஜில்லாவின் பறையர் மக்கள் நிலை பற்றி அரசுக்கு நீண்ட குறிப்பு ஒன்று அனுப்பினார். எங்கள் திருத்தணிக்குப் பக்கத்திலிருக்கும் திருவள்ளூர் அப்போது அவர் ஆளுகையில். கல்யாணச் செலவுக்குச் சில ரூபாய் வாங்கியவன் படியாளாகிறான், அவனுக்குப் பின் மகன் அந்தக் கடனைச் சுமக்கிறான், குடியிருக்கும் மனையே மிராசுதாரருடையது என்பதால் எதிர்த்துப் பேச வழியில்லை என்று விவரமாக எழுதியிருந்தார். அதன் பயனாகத்தான் 1892-இல் அம்மக்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை வந்தது.

இத்தனைக்கும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமைகளை விடுவித்தபோது கம்பெனி ஆண்ட நாடுகளை விட்டுவிட்டது. இங்கே 1843-இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமையின் மேல் உரிமை கோருபவனுக்கு நீதிமன்றம் துணை நிற்காது என்றதோடு நின்றது; வைத்திருப்பவனைத் தண்டிக்கவில்லை. 1859-இல் பிரிட்டிஷ் அரசு இன்னொரு சட்டம் போட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பலாம்! 1925-இல் அதை நீக்கச் சட்டம் வரும்வரை, ஆளை வாங்கத் தேவையில்லை, அட்வான்ஸ் கொடுத்தால் போதும் என்று அரசே கற்றுக்கொடுத்தது. என்னைக் கேட்டால், 1843-ஐ விட இந்த 1859-ஐத்தான் நம் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்க வேண்டும்.

கொத்தடிமைகளுக்காகக் கோட்டாட்சியருக்கு மனு எழுதித் தருபவன் நான். செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலைக் களத்திலிருந்தும் வரும் இருளர் குடும்பங்கள் முதலில் சொல்வது அடியையோ பட்டினியையோ அல்ல. "அட்வான்ஸ் இன்னும் கழியல சார்" என்பதைத்தான். வாரச் செலவுக் காசும் மருந்துச் செலவும் அதே கணக்கில் ஏற, எத்தனை கல் அறுத்தாலும் கணக்கு முடிவதில்லை. கூட இருக்கும் நல்ல மனசுக்காரர் யாராவது, "அந்தப் பணத்தை நாமே போட்டுக் கட்டிட்டு கூட்டிட்டு வந்துடலாமே" என்பார்.

பணம் கொடுத்து மீட்கலாமா என்ற இந்தக் கேள்வி பழையது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஃபிரெடெரிக் டக்ளஸை 1846-இல் இங்கிலாந்து நண்பர்கள் 150 பவுன் கொடுத்து மீட்டார்கள். ஹென்றி ரைட் என்ற அடிமை ஒழிப்பாளர் கோபப்பட்டார்: விலை கொடுத்தால் எஜமானனுக்கு உரிமை இருந்ததென்று ஒப்புக்கொண்டதாகாதா? கொள்ளையனிடம் கொடுக்கும் மீட்புப் பணம் போன்றது என்று இன்னொரு அடிமை ஒழிப்பாளரான காரிசன் சமாதானம் சொன்னார். நான் டக்ளஸின் நண்பர்கள் பக்கம். அன்றைய அமெரிக்காவில் அரசும் சட்டமும் எஜமானன் கையில் இருந்தன. பணம் கட்டாமல் டக்ளஸ் பயமின்றி ஊர் திரும்பியிருக்க முடியாது.

திருத்தணியில் அப்படியில்லை. அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. அது அரசை மட்டுமல்ல, சூளை முதலாளியையும் கட்டுப்படுத்தும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று ஆசியாட் விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 25.10.1975 முதல் எல்லாக் கொத்தடிமைகளும் விடுதலை, அன்று நிலுவையிலிருந்த கொத்தடிமைக் கடன் அத்தனையும் ஒழிந்தது என்கிறது. அதற்குப் பிறகு அப்படி முன்பணம் கொடுப்பதே குற்றம். கோட்டாட்சியர் கையெழுத்திடும் விடுதலைச் சான்றிதழ் விடுதலையைத் தருவதாக நான் நினைக்கவில்லை. மனிதனுக்குப் பிறப்போடு வந்ததை எந்த அரசும் தர முடியாது. காகிதத்தில் ஒப்புக்கொள்ளத்தான் முடியும். ஆனால் அந்த ஒப்புதல் இல்லாமல் மறுவாழ்வுத் தொகை கைக்கு வராது, மேஸ்திரி வந்து வீட்டு வாசலில் நிற்பதும் ஓயாது.

அதனால் பணம் கட்டக் கிளம்புகிறவர்களைத் தடுத்துவிடுகிறேன். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், இல்லையென்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவன் பொறுப்பு. சட்டத்தின் 15-ஆம் பிரிவு அது. முதலாளி வந்து நிரூபிக்கட்டும்.