நொடிக்கு 1,700 அடி

துப்பாக்கிக் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது என்ன வேகத்தில் போகிறது என்பதை முதன்முதலில் நம்பகமாக அளந்து சொன்னவர் இறந்தது நம்ம கடலூரில். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ், ஆங்கிலேயக் கணிதர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க 1750இல் வந்தவர், அடுத்த ஆண்டு ஜூலையில் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சல் கண்டு போய்ச்சேர்ந்தார்.

அவர் அளந்த முறை எளிமையானது. கனமான மரக்கட்டையை ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு, அதில் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் புதையும், கட்டை பின்னால் ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதைக் கட்டையோடு இணைத்த நாடா காட்டிவிடும். கட்டையின் எடை தெரியும், குண்டின் எடை தெரியும். மீதி உந்தக் கணக்கு. கிடைத்த விடை, நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி. இதைத்தான் இன்று மசில் வெலாசிட்டி, அதாவது குழல்வாய் வேகம் என்கிறோம்.

1742இல் வெளிவந்த அவர் புத்தகம் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. காற்றே இல்லையென்றால் அந்த வேகத்தில் கிளம்பும் குண்டு 17 மைல் போகணும். நிஜத்தில் ஒரு மைலைக்கூடத் தொடுவதில்லை. குண்டு கிளம்பும் வேகத்தில் காற்று அதை எதிர்க்கும் விசை குண்டின் எடையைப் போல 120 மடங்கு என்று ராபின்ஸ் கணக்கிட்டார். கணித மேதை ஆய்லர் மூன்றே வருடத்தில் அந்தப் புத்தகத்தை விளக்கங்களோடு ஜெர்மனுக்குக் கொண்டுபோனார்.

இந்தக் கணக்கை வைத்து நம்ம பக்கத்துக் கதை ஒன்றைச் சரிபார்க்கலாம். "அவன்கிட்ட துப்பாக்கி இருந்துச்சு, நம்மகிட்ட வேலும் வாளும்தான். அதான் தோத்தோம்" என்பார்கள். தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கிமேட்டில் கிடக்கும் நாயக்கர் காலத்து இரும்புப் பீரங்கியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. கைத்துப்பாக்கியிலும் பஞ்சமில்லை, திரியைப் பற்றவைத்துச் சுடும் துப்பாக்கிகள் இங்கே நூற்றாண்டுகளாகப் புழங்கின. குழல்வாய் வேகத்தைத் தீர்மானிப்பவை மருந்தின் அளவு, குண்டின் எடை, குழலின் நீளம். குட்டைக் குழல் கார்பைனில் வேகம் குறைவதும் இதனால்தான்: மருந்தின் வாயு குண்டைத் தள்ளக் கிடைக்கும் தூரம் குறைவு. இந்தியத் திரித்துப்பாக்கிகள் பலவற்றின் குழல் ஐரோப்பியத் துப்பாக்கியுடையதைவிட நீளம். ஆகவே வேகத்தில் நாம் பின்தங்கியிருந்தோம் என்பதற்கு இயற்பியலில் இடமில்லை.

ராபின்ஸ் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, 1749இல், கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்திலிருந்த தேவிகோட்டையைத் தஞ்சை அரசர் பிரதாபசிங்கிடமிருந்து பறிக்கக் கம்பெனி படை போனது. முன்னே பாய்ந்த இளம் கிளைவோடு இருந்த வெள்ளைச் சிப்பாய்கள் 34 பேர். தஞ்சைக் குதிரைப்படை பின்னாலிருந்து வந்து 26 பேரை வெட்டிச் சாய்த்தது. ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடி மருந்து இடிப்பதற்குள் குதிரை வந்துவிட்டால் 1,700 அடி வேகம் எதற்கும் உதவாது. கோட்டை கடைசியில் விழுந்தது, மேஜர் லாரன்ஸ் மொத்தப் படையையும் வரிசை கலையாமல் நகர்த்தியபோதுதான்.

வித்தியாசம் அங்கேதான். சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கியும் காகிதத் தோட்டாவும் கையிலிருக்கும் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான். திரித்துப்பாக்கிக்கு அது முடியாது. மென்பொருள்காரனாகிய எனக்கு இது பழகிய பாடம்: ஒரு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்பது வேறு, ஒரு நிமிடத்தில் எத்தனை வேலை முடிகிறது என்பது வேறு. கம்பெனி வென்றது இரண்டாவதில்.

ராபின்ஸே இதற்குச் சாட்சி. குழலுக்குள் சுருள் பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழலவிடும் ரைஃபிளை எந்த நாடு முழுசாகப் புரிந்துகொண்டு படைக்குக் கொடுக்கிறதோ, அது மற்றவர்களை மிஞ்சும் என்று 1747இலேயே எழுதிவிட்டார். ஆனால் பள்ளத்தில் இறுகும் குண்டை உள்ளே இறக்க நேரம் பிடித்ததால், படைகள் பொதுவாக ரைஃபிளை ஏற்க நூறு வருடம் ஆயிற்று. அப்படி வந்த 1853ஆம் வருட என்ஃபீல்டின் குழல்வாய் வேகம் ராபின்ஸ் அளந்ததைவிடக் குறைவு! கூர்முனைக் குண்டும் சுழற்சியும் சேர்ந்து அதைப் பல மடங்கு தூரத்துக்குக் குறி தவறாமல் கொண்டுபோயின.

சிப்பாய் தினமும் பயிற்சி எடுக்க வேண்டுமானால் அவனுக்கு மாதாமாதம் சம்பளம் போகணும். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூரை முற்றுகையிட்டதே பணத்துக்காக. வெடிமருந்தும் சோறும் தீர்ந்து திரும்பிப் போனார். 1773இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனி படை தஞ்சைக் கோட்டையைப் பிடித்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776இல் நாடு அவரிடம் திரும்புவதற்குள், தஞ்சை வயல்களின் வருமானத்தின் மேல் நவாபின் கடன்காரர்கள் உரிமை கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பால் பென்ஃபீல்டு கம்பெனி ஊழியரே.

1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யும் இன்சாஸ் ரைஃபிளின் குழல்வாய் வேகம் நொடிக்குச் சுமார் 900 மீட்டர். ராபின்ஸ் அளந்ததைப் போல ஒன்றே முக்கால் மடங்கு. நல்ல எண்தான். ஆனால் துப்பாக்கியைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்க விரும்புவது வேறு: இதைத் தூக்குகிறவனுக்குச் சம்பளம் யார் வயலிலிருந்து போகிறது?