சைடருக்கு வந்த வரி

அமெரிக்க ஸ்டாம்ப் சட்டத்தைப் பத்திக் குறிப்பு எடுத்துக்கிட்டு இருந்தப்ப, நடுவுல சைடர் வரின்னு ஒண்ணு குறுக்கே வந்துச்சு. ஓரமா ஒரு வரியில எழுதிட்டுப் போயிடலாம்னுதான் நினைச்சேன். முடியலை.

சைடர்னா ஆப்பிள் சாறைப் புளிக்க வெச்சுப் பண்ற மது. 18ஆம் நூற்றாண்டில் டெவன், சாமர்செட், ஹெரிஃபர்ட்ஷர் மாதிரியான மேற்கு இங்கிலாந்துப் பகுதிகளில் இது பண்ணை வீடுகளின் வழக்கமான வேலை. நாம கடையில வாங்கித் தின்கிற ஆப்பிளை நினைச்சுக்காதீங்க. சைடர் பழம் பலதையும் கடிச்சா வாயெல்லாம் துவர்க்கும். அந்தத் துவர்ப்பு இல்லாட்டி சைடர் சப்புன்னு இருக்கும். விதை போட்டா தாய்மரத்துப் பழம் வராது. நல்ல மரத்துக் குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டணும். இலையுதிர் காலத்துல பழத்தைப் பொறுக்கி, குதிரை சுத்துற கல் செக்குல நசுக்கி, வைக்கோலோட அடுக்கிப் பிழிஞ்சு பீப்பாயில் ஊத்துவாங்க. ஈஸ்ட் தனியாச் சேர்க்க வேண்டியதில்லை, அது தானாவே வந்துடும். பண்ணையாட்களுக்குக் கூலியில ஒரு பங்கே சைடர்தான். (1887ல சட்டம் போட்டு அதை நிறுத்தினாங்க.)

1763ல ஏழாண்டுப் போர் முடிஞ்சது. அரசாங்கக் கடன் 12 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. பிரதமர் பியூட், நிதியமைச்சர் பிரான்சிஸ் டாஷ்வுட் (ஹெல்ஃபயர் கிளப் டாஷ்வுட்டேதான்) ரெண்டு பேரும் கண்டுபிடிச்ச வழி: ஒரு ஹாக்ஸ்ஹெட்டுக்கு, அதாவது 200 லிட்டருக்கு மேல பிடிக்கிற பீப்பாய்க்கு, 4 ஷில்லிங் வரி. விற்கிறவன் மட்டுமில்ல, காய்ச்சிக் குடிக்கிறவனும் கட்டணும்னு இருந்திருந்தா அது பீருக்குப் பொருந்தும். ஆனா வீட்டுக்குன்னு பீர் காய்ச்சினவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. சைடர் பண்றவனுக்கு மட்டும் வந்துச்சு. நியாயமாச் சொன்னா, பீர்க்காரன் மால்ட் வரி வழியா ஏற்கெனவே கொஞ்சம் கட்டிக்கிட்டுதான் இருந்தான். அரசாங்கத்துப் பக்கமும் ஒரு கணக்கு இருந்தது.

ஆனா ஜனங்களுக்குப் பத்திக்கிட்டது 4 ஷில்லிங்கால மட்டும்னு எனக்குத் தோணலை. கலால் அதிகாரி வீட்டுக்குள்ள நுழைஞ்சு பீப்பாயைச் சோதிக்கலாம்ங்கிறதுதான் பெரிய கோபம். பியூட்டின் உருவபொம்மையை எரிச்சாங்க. பார்லிமெண்டில் வில்லியம் பிட்டும், ஏழையின் குடிசைக்குள்ளயும் அரசு இஷ்டத்துக்கு நுழையக் கூடாதுங்கிற கட்சிதான்.

அந்த விவாதத்துல ஒரு வேடிக்கை. ஜார்ஜ் கிரென்வில், "வேற எங்கதான் வரி போடறது, சொல்லுங்களேன்" என்கிற மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டார். பிட் உட்கார்ந்த இடத்துலயே, சாதுவான இடையனைப் பார்த்து 'எங்கேன்னு சொல்லு' என்று கேட்கிற அந்தக்காலப் பாட்டு ஒண்ணை முணுமுணுத்தார். சபையே சிரிச்சது. 'சாது இடையன்'ங்கிற பட்டப்பேர் கிரென்விலுக்குக் கடைசிவரை ஒட்டிக்கிச்சு. ரெண்டு பேரும் மாமன் மச்சான் வேற. கிரென்விலின் தங்கையைத்தான் பிட் கட்டியிருந்தார்.

1763 ஏப்ரல்ல பியூட் ராஜினாமா. அடுத்து வந்தவர் அதே கிரென்வில். 1765ல அமெரிக்காவுக்கு ஸ்டாம்ப் சட்டம் கொண்டுவந்ததும் அவர்தான். 1766ல ஸ்டாம்ப் சட்டமும் போச்சு, வீட்டுச் சைடர் மேல இருந்த வரியும் போச்சு.

இதுல இன்னொரு கிளை இருக்கு. வரி போன மறு வருஷம், 1767ல, ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், டெவனில் பல காலமா ஆளை முறுக்கிப் போட்ட வயித்துவலிக்கும் பக்கவாதத்துக்கும் காரணம் சைடரில் கலந்த ஈயம்னு சொன்னார். டெவன் செக்குகளில் ஈயம் பயன்பட்டது. அது இல்லாத ஹெரிஃபர்ட்ஷரில் அந்த வலி இல்லை. பேக்கர் தானும் டெவனில் பிறந்தவர். ஊர்க்காரங்க அவர் மேல பாய்ஞ்சாங்க. அதைத் தனியா எழுதணும்.