'வௌியேற்றம்' என்று ஒரு சொல் இல்லை

எங்கட எருக்கலம்பிட்டி ஆக்களுக்கு 'வெளியேற்றம்' என்ற சொல்லுக்கு அகராதி தேவையில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000 பேருக்கு மேல். மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் ஏறிக் கல்பிட்டிக் கரையில் போய் இறங்கினார்கள். அதைப் பற்றி எதை எழுதினாலும் இந்தச் சொல் வரும். ஆனால் கணினியில் இது அடிக்கடி உடைகிறது. 'வௌியேற்றம்', 'வௌிநாடு', 'வௌ்ளம்' என்று இணையத்தில் நீங்களும் பார்த்திருப்பீங்கள். தட்டச்சாளர் மட்டும் விட்ட பிழை என்று இதைத் தள்ளிவிட ஏலாது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

'மௌ' என்று எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு, நடுவில் மகரம், பின்னால் 'ள' போல ஒரு வால். அந்த வால் ளகரம் இல்லை, ஔகாரக் குறியின் பாதி. ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் கொடிகட்டிப் பறந்த பாமினி எழுத்துருவும் கண்ணை நம்பித்தான் வேலை செய்தது. முதலில் கொம்பு, பிறகு எழுத்து, பிறகு வால். வாலுக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். அச்சடிக்கிறதுக்கு அது போதும்.

தாய்லாந்துக்காரரும் கண்ணில் தெரியும் வரிசையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1986இல் வந்த அவர்களுடைய டிஐஎஸ் 620 தரத்தில், எழுத்துக்கு முன்னால் தெரியும் உயிர்க்குறி கணினிக்குள்ளும் முன்னாலேயே நிற்கும். யூனிகோடு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தமிழுக்கு நடந்தது வேறு. இந்தியாவின் இஸ்கி முறையைப் பின்பற்றியதால், உச்சரிக்கும் வரிசையே கணக்கில் வந்தது: முதலில் 'ம', பிறகு ஔகாரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய்க் காட்டுவது திரையின் வேலை. யூனிகோடின் முதல் பதிப்பு வந்தது 1991 ஒக்டோபரில், எங்கட ஊர் வெறிச்சோடி ஒரு வருசத்தில்.

பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போதுதான் சிக்கல். மாற்றி மென்பொருள் கொம்பு, 'வ', 'ள' மூன்றையும் பார்த்த உடனே அதை 'வௌ' என்று முடிவு கட்டிவிடும். பின்னால் வரும் இகரக் குறி அநாதையாகத் தொங்கும். அப்படித்தான் 'வெளி' என்பது 'வௌி' ஆகிறது. மறுபக்கத்தில், ஔகாரத்தைக் கவனிக்காமல் விட்டால் 'மௌலவி' என்பது 'மெ-ள-லவி' ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடலுக்கு இரண்டும் வேறு ஆக்கள். நௌபர், தௌபீக், பௌசியா என்று ஔகாரம் நிறைந்த பெயர்கள் எங்களிடம் எத்தனை! ஒரு பெயர்ப் பட்டியலில் இது சின்னப் பிழை இல்லை. ஆள் இருக்கிறார், தேடினால் இல்லை.

பாதிப் பிழையைத் தீர்க்க ஒரு விதி போதும். 'ள'வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் அது உண்மையான ளகரம். வெளி, வெள்ளம், தெளிவு எல்லாம் இதில் தப்பும். மிச்சத்தை மனிசர்தான் வாசிக்க வேண்டும். 'மௌனம்' என்பதில் இருப்பது வால். 'வெளங்குதா?' என்று நாங்கள் பேசுகிற மாதிரி எழுதினால் அது ளகரம். மென்பொருளுக்கு இந்தப் பேச்சு பழக்கமில்லை.

இடம்பெயர்ந்த காலத்து மலர்களையும் கடிதங்களையும் மனுக்களையும் கணினியில் ஏற்ற நினைக்கிற எல்லோரிடமும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். மாற்றியதும் வேலை முடிந்தது என்று விடாதீங்கள். முதலில் 'வெளியேற்றம்' என்று தேடிப் பாருங்கள். பிறகு உங்கட ஊர் மௌலவிமாரின் பெயர்களைத் தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால், அந்தக் கோப்பு இன்னும் ஊர் திரும்பவில்லை.